பாரதூரமான நோயும் காப்புறுதிப் பத்திரமும்: கோரிக்கை வைக்குமுன் அறிந்திருக்க வேண்டியவை

பொரளைச் சந்தியில் காலை எட்டு மணியளவில் பஸ்ஸை விட்டு இறங்குபவர்களின் கைகளைக் கவனித்தால் போதும். எக்ஸ்-ரே படங்கள் வைத்த பெரிய உறைகள், நான்காக மடித்த பரிசோதனை அறிக்கைகள், கிளினிக் புத்தகங்கள். சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, காசல் வீதிப் பெண்கள் வைத்தியசாலை, சற்றே தள்ளித் தேசிய வைத்தியசாலை, கின்சி வீதியில் மருத்துவ பீடம், வார்ட் பிளேஸ் ஓரமாகத் தனியார் சிகிச்சை நிலையங்கள் என்று நாட்டின் நோய்கள் பலவற்றுக்குப் பெயர் சூட்டப்படும் இடமாகவே இந்தப் பகுதி இருக்கின்றது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டுமன்றி, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து சேருபவர்களும் அவர்களுள் அடங்குவர்.

நோயின் பெயரைக் கேட்டறிந்த முதல் இரண்டு நாட்கள் அதிர்ச்சியிலும் அழுகையிலும் கழிந்துவிடும். மூன்றாம் நாள் வீட்டில் யாரோ ஒருவர், பெரும்பாலும் மனைவி அல்லது மூத்த மகள், அலுமாரியைத் திறந்து பழைய காப்புறுதிப் பத்திரத்தைத் தேடுவார். "இதில் பாரதூரமான நோய்களுக்கும் காப்பு உண்டு என்று முகவர் சொன்னாரே" என்ற நினைவு அப்போதுதான் வரும். அந்த மூன்றாம் நாளில் செய்யப்படும் சரிகளும் தவறுகளும் பின்னர் பல இலட்சம் ரூபாவைத் தீர்மானிப்பதால், இது பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

இந்தக் காப்புறுதி எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நன்று. 1967 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் உலகின் முதலாவது மனித இருதய மாற்றுச் சத்திரசிகிச்சையை நடத்திய குழுவில், அதற்குத் தலைமை தாங்கிய கிறிஸ்டியன் பர்னார்டின் சகோதரர் மாரியஸ் பர்னார்டும் இருந்தார். தம்மிடம் வந்த நோயாளிகளின் உயிரைத் தாம் காப்பாற்றியபோதும், அவர்களின் குடும்பப் பொருளாதாரம் கண்முன்னே சரிந்ததை அவர் கண்டார். சுவாசப்பை புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற ஓர் இளம் தாய், பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழியின்றி ஓய்வெடுக்காமல் வேலைக்குச் சென்று, நோய் முற்றிய நிலையில் திரும்பி வந்ததை அவர் பின்னாளில் அடிக்கடி எடுத்துரைத்தார். இறந்த பின் பணம் தரும் ஆயுள் காப்புறுதியால் உயிருடன் இருக்கும் நோயாளிக்குப் பயனில்லை என்பதே அவர் வாதம். அவரது முயற்சியால் 1983 ஓகஸ்டில் தென்னாபிரிக்க நிறுவனமொன்று மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய், இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை ஆகிய நான்குக்கும் ஒட்டுமொத்தத் தொகையொன்றை வழங்கும் பத்திரத்தை முதன்முதலாக அறிமுகப்படுத்தியது. (அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அதே ஆண்டு ஜூலை 24ஆம் திகதி, பொரளை கனத்தையில் மூண்ட தீயில் கொழும்புத் தமிழர் வீடுகளோடு அவர்களின் காப்புறுதிப் பத்திரங்களும் சாம்பலாயின. ஆவணங்கள் பற்றிப் பின்னர் கூறும்போது அந்த நினைவு தவிர்க்க முடியாதது.)

இங்குதான் பலர் தடுமாறும் முதல் வேறுபாடு உள்ளது. வைத்தியசாலைச் செலவுக் காப்புறுதி, நாம் செலுத்திய பட்டியலைப் பார்த்துப் பணத்தைத் திருப்பித் தருவது. பாரதூரமான நோய்க் காப்பு அத்தகையதன்று. பத்திரத்தில் கூறப்பட்ட நோய், பத்திரத்தில் கூறப்பட்ட அளவில் ஏற்பட்டுள்ளது என்பது நிரூபிக்கப்பட்டதும் குறித்த தொகை முழுவதும் வழங்கப்பட வேண்டும். சிகிச்சைக்கு ஒரு சதமும் செலவாகியிருக்கத் தேவையில்லை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெறுபவர்கள், "பில் எதுவும் இல்லையே, எதைக் காட்டிக் கேட்பது" என்று எண்ணிக் கோரிக்கையே வைக்காமல் விட்டுவிடுகின்றனர். அது பெரும் தவறு. இலவச மருத்துவம் இந்த நாட்டின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இழந்த சம்பளம், ஊரிலிருந்து வந்து தங்கும் செலவு, அரச வைத்தியசாலையில் இல்லாத மருந்து, வெளியே எடுக்க வேண்டிய ஸ்கேன் ஆகியவற்றை யார் தருவது? மகரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் ஒன்றைப் பெற்றுக்கொடுக்க 2016ஆம் ஆண்டில் கதீஜா மன்றம் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்ததை நாம் மறந்துவிடவில்லை. எல்லா இனத்தவரும் அதற்கு அள்ளிக் கொடுத்தனர்.

இலங்கையில் ஆயுள் காப்புறுதி 1962இல் அரசுடைமையாக்கப்பட்டு, 1980களின் பிற்பகுதியில் மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னரே பாரதூரமான நோய்க் காப்பு இங்கு பரவியது. பெரும்பாலும் அது தனிப் பத்திரமாக அன்றி, ஆயுள் காப்புறுதியுடன் இணைக்கப்பட்ட மேலதிகக் காப்பாகவே விற்கப்படுகின்றது. அதிலும் இருவகை உண்டு. ஒன்றில், நோய்க்காகப் பெறும் தொகை ஆயுள் காப்புத் தொகையிலிருந்து கழிக்கப்படும். மற்றையதில் இரண்டும் தனித்தனியே நிற்கும். பத்து இலட்சம் ரூபாப் பத்திரத்தில் ஐந்து இலட்சத்தை நோய்க்குப் பெற்றுக்கொண்டவர், தாம் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் கிடைக்கும் என நம்பியிருக்கக்கூடும். முதலாவது வகையாயின் எஞ்சியது ஐந்து இலட்சமே. பத்திரத்தின் அட்டவணைப் பக்கத்தில் இது எழுதப்பட்டிருக்கும். முகவரின் விளம்பரத் தாளில் இராது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வரைவிலக்கணம். வைத்தியர் ஒரு நோய்க்கு இடும் பெயரும் பத்திரத்தில் அதே பெயருக்குத் தரப்பட்டுள்ள விளக்கமும் ஒன்றல்ல. புற்றுநோய் என்று பத்திரம் கூறுவது, திசுக்களுக்குள் ஊடுருவிப் பரவும் இயல்புடைய, திசுப் பரிசோதனையால் உறுதிப்படுத்தப்பட்ட கட்டியையே. தோன்றிய இடத்தைவிட்டு இன்னும் ஊடுருவாத ஆரம்ப நிலைப் புற்று, மெலனோமா அல்லாத தோல் புற்று, மிக ஆரம்ப நிலையிலுள்ள புரஸ்டேட் புற்று என்பன பல பத்திரங்களில் விலக்கப்பட்டுள்ளன. மார்பில் ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பெண் அதிர்ஷ்டசாலி என்று வைத்தியர் கூறுவார். அதே காரணத்துக்காகக் காப்புறுதி நிறுவனம் அவரது கோரிக்கையை மறுக்கும். சில புதிய பத்திரங்கள் ஆரம்ப நிலைக்கும் ஒரு பகுதித் தொகையை வழங்குகின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இருதயத்தின் கதை இன்னும் சிக்கலானது. மாரடைப்பு என்பதற்கு, நெஞ்சுவலி, ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றம், இரத்தத்தில் ட்ரோபோனின் போன்ற இருதய நொதிகளினதும் புரதங்களினதும் உயர்வு ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும் எனப் பத்திரங்கள் கோருகின்றன. பைபாஸ் என்பதற்கு நெஞ்செலும்பைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை என்றே பல பழைய பத்திரங்கள் பொருள் கொள்கின்றன. இரத்தக் குழாயில் பலூன் செலுத்தி ஸ்டென்ட் வைப்பது அதில் அடங்காது. எமது அலுவலகத்தில் விளம்பரப் பிரிவில் நீண்டகாலம் பணியாற்றிய கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவருக்கு இரண்டு ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன. பதினொரு ஆண்டுகள் தவணை தவறாது பணம் செலுத்தியவர். "இருதய நோய் எல்லாம் உண்டு, ஐயா" என்றுதான் அவருக்கு விற்கப்பட்டது. கோரிக்கை மறுக்கப்பட்டு வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். அதில் சுட்டப்பட்டிருந்த வாசகத்தைப் பத்திரத்தில் தேடிப் பார்த்தேன். அவர்கள் கூறியது சரியாகவே இருந்தது. அந்தப் பதினொரு ஆண்டுகளில் அவரோ நானோ அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

பாரிசவாதத்திற்கு, நரம்பியல் பாதிப்பு நிரந்தரமாக எஞ்சியிருக்க வேண்டும். சில மணி நேரத்தில் நீங்கிவிடும் தற்காலிகத் தாக்கம் கணக்கில் வராது. பல பத்திரங்கள் அப்பாதிப்பு மூன்று மாதமளவில் நீடித்ததை உறுதிப்படுத்துமாறு கேட்கின்றன. ஆகவே முதல் வாரத்திலேயே கோரிக்கை வைத்து மறுக்கப்பட்டவர்கள் மனம் சோர்ந்து விட்டுவிடாமல், மூன்று மாதத்தின் பின் நரம்பியல் நிபுணரின் புதிய அறிக்கையுடன் மீண்டும் விண்ணப்பிக்க இடமுண்டா எனக் கேட்க வேண்டும். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, இரண்டு சிறுநீரகங்களும் மீளாதவாறு செயலிழந்து, இரத்தச் சுத்திகரிப்பு ஒழுங்காகத் தேவைப்படும் நிலையே அளவுகோல்.

வரைவிலக்கணங்கள் மருத்துவத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்காதபோது என்ன நேரும் என்பதற்கு, நம்மவர்கள் பெருமளவில் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவில் நடந்த விவகாரம் நல்ல பாடம். 2016 மார்ச்சில் அந்நாட்டின் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கோர்னர்ஸ்’ நிகழ்ச்சியும் ஃபெயார்ஃபக்ஸ் பத்திரிகைகளும், கொமன்வெல்த் வங்கியின் காப்புறுதிப் பிரிவான கொம்இன்ஷுவர் நிறுவனம் மாரடைப்பு நோயாளிகளின் கோரிக்கைகளை மறுத்த விதத்தை வெளிக்கொணர்ந்தன. வைத்தியர்கள் ஐயமின்றி மாரடைப்பு என்று சிகிச்சையளித்தவர்களுக்கு, ட்ரோபோனின் அளவு பத்திரத்திலுள்ள எண்ணை எட்டவில்லை எனக் கூறப்பட்டது. இருதய நிபுணர்களின் சர்வதேச அமைப்புகள் 2000ஆம் ஆண்டு முதல் மாரடைப்பின் வரைவிலக்கணத்தைத் திருத்தி வந்தபோதும் பத்திரத்தின் வாசகம் பின்தங்கியே நின்றது. எழுந்த கண்டனத்தால் நிறுவனம் வரைவிலக்கணத்தை மாற்றி, முன்தேதியிட்டும் நடைமுறைப்படுத்தியது. 2017இல் அந்நாட்டின் நிதிச் சேவை ஒழுங்குபடுத்தும் அமைப்பு விசாரித்து, வாசகம் மருத்துவ ரீதியில் காலாவதியானது, ஆனால் சட்டத்தை மீறியது அன்று என்ற முடிவுக்கு வந்தது. இந்த இரண்டாவது பகுதியைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2018இல் நீதியரசர் ஹெய்ன் தலைமையிலான அரச ஆணைக்குழுவின் முன்னிலையிலும் இதே நிறுவனத்தின் பெயர் அடிபட்டது. மார்பகப் புற்றுநோய்க்காகக் கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பெண்ணொருவருக்கு, மார்பகம் முழுவதும் அகற்றப்படவில்லை என்ற பழைய வாசகத்தைக் காட்டிப் பணம் மறுக்கப்பட்டிருந்தது. மார்பகத்தைக் காப்பாற்றும் சிகிச்சை வழமையாகிப் பல்லாண்டுகள் கடந்த பின்னரும் பத்திரம் பழைய சத்திரசிகிச்சையையே எதிர்பார்த்துக் கொண்டிருந்தது.

பிரித்தானியாவில் காப்புறுதியாளர் சங்கம் 1999இலும், இந்தியாவில் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை 2013இலும் முக்கிய நோய்களுக்குப் பொதுவான வரைவிலக்கணங்களை வகுத்தன. இங்கு ஒரு நிறுவனத்தின் பத்திரத்தைப் படித்துவிட்டு மற்றையதும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுவது ஆபத்தானது. அதே நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுப் பத்திரமும் இன்றைய பத்திரமும் கூட வேறுபடலாம். உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் கையிலுள்ள பத்திரமும் அதனுடன் பின்னர் இணைக்கப்பட்ட திருத்தங்களுமே.

அடுத்தது காலக்கெடு. பத்திரம் ஆரம்பித்து முதல் 90 நாட்களுக்குள் தோன்றும் நோய்க்குப் பொதுவாகக் காப்புக் கிடையாது. நோய் உறுதியான பின் 14 முதல் 30 நாட்கள் வரை நோயாளி உயிருடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பலவற்றில் உண்டு. அதற்குள் அவர் இறக்க நேர்ந்தால் நோய்க் காப்பு அற்றுப்போய், ஆயுள் காப்பின் மரணக் கோரிக்கையே எஞ்சும். தவணைப்பணத்துக்கு வழங்கப்படும் சலுகைக் காலம் கடந்து பத்திரம் காலாவதியானால், அதை மீள உயிர்ப்பிக்கும்போது புதிய சுகாதாரப் பிரகடனம் கேட்கப்படுவதுடன் அந்த 90 நாள் கணக்கும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கக்கூடும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் பல குடும்பங்கள் முதலில் நிறுத்தியது காப்புறுதித் தவணையைத்தான். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, அரிசி வாங்குவதா தவணை கட்டுவதா என்ற கேள்விக்கு வேறு விடை இருக்கவில்லை. தவறவிட்டவர்கள் பின்னர் மீள ஆரம்பித்திருந்தால், எந்தத் திகதியிலிருந்து காப்பு நடைமுறைக்கு வந்தது என்பதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து செலுத்தியவர்களுக்கும் வேறொரு இழப்பு உண்டு. 2010இல் டொலரொன்று ஏறத்தாழ 113 ரூபாவாக இருந்தபோது எடுத்த ஐந்து இலட்சம் ரூபாக் காப்பு அன்று 4,400 டொலருக்குச் சமம். 360 ரூபாவாகியபோது அது 1,400 டொலரையும் எட்டவில்லை. இறக்குமதி மருந்தின் விலை டொலரில்தான் நிர்ணயமாகின்றது.

இனி, கோரிக்கைகள் மறுக்கப்படும் காரணங்களில் மிக வேதனையானதற்கு வருவோம். முன்மொழிவுப் படிவத்தில் உண்மை மறைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு அது. காப்புறுதி என்பது பூரண நம்பிக்கையின் அடிப்படையிலான ஒப்பந்தம் என்ற கோட்பாட்டை 1766இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு இங்கிலாந்தில் வகுத்தார். நமது நாட்டின் 1852ஆம் ஆண்டு 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம், ஆயுள் காப்புறுதியில் வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து ஆங்கிலச் சட்டமே செல்லும் என்று கூறுவதால், அக்கோட்பாடு கடல் கடந்து இங்கும் வேரூன்றிவிட்டது. காப்புறுதியாளர் கேட்காவிட்டாலும், அவரது தீர்மானத்தைப் பாதிக்கக்கூடிய விடயத்தை நாமாகவே வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலாந்திலேயே இது நுகர்வோருக்குப் பாரம் என உணரப்பட்டு, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால், கேட்கப்படும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்துடன் பதிலளித்தால் போதும் என்று மாற்றப்பட்டுவிட்டது.

நடைமுறையில் நிகழ்வது என்ன? முகவர் வீட்டுக்கு வருகின்றார். பெரும்பாலும் உறவினர் அல்லது தெரிந்தவர். தேநீர் அருந்தியவாறே படிவத்தை அவரே நிரப்புகின்றார். "நீரிழிவு உண்டா?" என்ற கேள்விக்கு, "கொஞ்சம் சீனி இருக்கு, மாத்திரை போடுறன்" என்று வீட்டுக்காரர் கூறுகின்றார். "அதெல்லாம் எழுதினால் மெடிக்கல் கேட்பார்கள், தவணை கூடும், விடுங்கள் அண்ணன்" என்று முகவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் அடையாளமிடுகின்றார். படிவம் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் இருக்கின்றது. தமிழ் தெரிந்தவர் தமக்குத் தெரியாத மொழியில், தாம் கூறாத பதிலுக்குக் கீழே கைச்சாத்திடுகின்றார். பத்தாண்டுகள் கழித்து அவருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்போது, கிளினிக் புத்தகத்தின் முதற் பக்கத்திலுள்ள ‘நீரிழிவு, 2009 முதல்’ என்ற ஒரு வரி அவருக்கு எதிரான சாட்சியாகின்றது. தமிழ் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின் மூலம் இந்நாட்டின் அரசகரும மொழியாகியும், தமிழ்ப் படிவத்தைக் கேட்டுப் பெறும் பழக்கம் நம்மிடம் வரவில்லை என்பது கவலைக்குரியது. தமிழ்ப் படிவம் கையிருப்பில் இல்லை என்றால், வரும்வரை காத்திருப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

அயல்நாட்டுத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், வாதத்துக்குப் பயன்படும். இந்திய உச்ச நீதிமன்றம் 2009இல் ஒரு வழக்கில், நீரிழிவையும் சிறுநீரக நோயையும் மறைத்து எடுத்த மருத்துவக் காப்புறுதியை நிறுவனம் மறுத்தது சரியே என்று தீர்ப்பளித்தது. 2015இல் அதே நீதிமன்றம், முதுகெலும்புத் தேய்மானத்தைக் கூறாமல் விட்டவர் இருதய நோயால் இறந்தபோது, கூறாமல் விட்ட விடயத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2021 டிசம்பரில், நீரிழிவு இருப்பதாகத் தெரிவித்துக் காப்புறுதி பெற்ற ஒருவர் அமெரிக்க விமான நிலையத்தில் மாரடைப்புக்குள்ளான வழக்கில், உடல்நிலையை மதிப்பிட்டுப் பத்திரத்தை வழங்கிய நிறுவனம், வெளிப்படுத்தப்பட்ட அதே நிலையைப் பின்னர் காரணம் காட்ட முடியாது என்றது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு விளங்குவது, மறைக்கப்பட்டதாகக் கூறப்படும் விடயம் எவ்வளவு பாரதூரமானது, அது எப்போது தெரியவந்தது, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பவையே வழக்கின் உயிர்நாடி. இந்தியாவில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், மூன்று ஆண்டுகள் நிறைவுற்ற ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தை எக்காரணம் கொண்டும் கேள்விக்குட்படுத்த இயலாது. உங்கள் பத்திரத்திலும் அத்தகைய கேள்விக்கிடமற்ற காலம் பற்றிய வாசகம் உள்ளதா எனத் தேடிப் பாருங்கள்.

புதிதாகப் பத்திரம் எடுப்பவர்களுக்கு, பெற்றுக்கொண்ட பின் மனம் மாறினால் திருப்பிக் கொடுப்பதற்குப் பொதுவாக 21 நாள் அவகாசம் உண்டு. பத்திரத்துடன் நிரப்பப்பட்ட முன்மொழிவுப் படிவத்தின் பிரதியும் இணைந்திருக்கும். அதைப் படித்து, ‘இல்லை’ என்று தவறாக அடையாளமிடப்பட்டதை எழுத்தில் திருத்துவதற்குச் சிறந்த தருணம் அந்த 21 நாட்களே. தவணை சற்றுக் கூடலாம். கூடட்டும்.

கோரிக்கையைத் தயாரிக்கும் வேலைக்கு வருவோம். நோய் உறுதியானவுடன் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். முகவரிடம் கூறியது அறிவித்தலாகாது. கிளையில் கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்வது பழைய பாணி எனத் தோன்றலாம். ஆனால் தாமதம் பற்றிய தகராறில் அந்த முத்திரைக்கு ஈடான சாட்சி வேறில்லை. கோரிக்கைப் படிவத்தின் ஒரு பகுதியை நோயாளியும், மற்றைய பகுதியைச் சிகிச்சையளிக்கும் விசேட வைத்திய நிபுணரும் நிரப்ப வேண்டும். வைத்திய நிபுணரிடம் செல்லும்போது பத்திரத்திலுள்ள வரைவிலக்கணத்தின் பிரதியையும் கொண்டு செல்லுங்கள். பரபரப்பான கிளினிக்கில் அவர் ‘இருதய நோய்’ என்று இரண்டு சொல்லில் எழுதிவிடுவார். நிறுவனத்துக்குத் தேவைப்படுவதோ ஈ.சி.ஜி. மாற்றம், ட்ரோபோனின் அளவு, திகதி என்பனவாகும். பொய் எழுதும்படி கேட்பதன்று இது. உள்ளதை முழுமையாக எழுதும்படி கேட்பது. புற்றுநோயாயின் திசுப் பரிசோதனை அறிக்கையே முதன்மையானது. நோயின் நிலை அதில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

அரச வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையை உயிர்போலக் காக்க வேண்டும். விடுதியில் தரப்பட்ட கட்டில் தலைச்சீட்டு, அதாவது பீ.எச்.டீ. இலக்கத்தைத் தனியே குறித்து வையுங்கள். பின்னர் ஆவணப் பிரிவில் விபரம் கோரும்போது பெயரால் தேடுவதைவிட இலக்கத்தால் தேடுவதே விரைவு. நிறுவனம் தானாகவே வைத்தியசாலைப் பதிவுகளைப் பெறுவதற்கு உங்கள் சம்மதக் கைச்சாத்தைக் கேட்கும். அதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் அவர்கள் பெறும் பதிவுகளின் பிரதியை நீங்களும் பெற்று வாசித்திருப்பது நன்று. அவசர சிகிச்சைப் பிரிவில், பதற்றத்தில், நோயாளியை அழைத்து வந்த மைத்துனர் "பத்து வருஷமாப் பிரஷர் இருக்கு" என்று கூறியதும் அதில் பதிவாகியிருக்கும்.

பெயர் பற்றித் தமிழ், முஸ்லிம் வாசகர்களுக்குத் தனியாகக் கூற வேண்டியுள்ளது. தந்தை பெயர் முதலெழுத்தாகவும், சில ஆவணங்களில் முழுமையாகவும், சிலவற்றில் குடும்பப் பெயராகவும் மாறி மாறி வரும். முஹம்மத், மொஹமட், முகம்மது என்று ஒருவரே மூன்று விதமாகப் பதிவாகியிருப்பார். திருமணத்துக்கு முன் எடுத்த பத்திரத்தில் தந்தை பெயருடனும் வைத்தியசாலையில் கணவர் பெயருடனும் ஒரு பெண் இருப்பார். இத்துடன், 2016 முதல் தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்களாகியதால் பழைய பத்திரத்தில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். இவர்கள் அனைவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி ஒன்றைச் சமாதான நீதவான் முன் முடித்து, கோரிக்கையுடனேயே இணைத்துவிட்டால் ஒரு மாத அலைச்சல் மிச்சமாகும். போரிலோ 1983 போன்ற வன்செயலிலோ பத்திரம் அழிந்தவர்களும், இடம்பெயர்வில் தொலைத்தவர்களும் பத்திரத்தின் பிரதியை நிறுவனத்திடம் கோரலாம். தவணை செலுத்திய ஒரு பற்றுச்சீட்டோ வங்கிக் கூற்றோ இருந்தால் இலக்கத்தைக் கண்டறிவது சுலபம்.

கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்போது தவணையை நிறுத்திவிடக் கூடாது. மறுக்கப்பட்டால் அந்தப் பத்திரத்தின் ஆயுள் காப்பாவது எஞ்ச வேண்டும். நோய் கண்டபின் புதிய காப்புறுதி எடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். நோயாளி சுயநினைவின்றி அல்லது கைச்சாத்திட முடியாத நிலையில் இருந்தால் யார் அவருக்காகச் செயற்படலாம் என்பதை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பாரிசவாத நோயாளிகளின் குடும்பங்கள் இதில் அதிகம் சிக்கிக்கொள்கின்றன.

முஸ்லிம் வாசகர்களில் பலர் வழமையான காப்புறுதியைத் தவிர்ப்பவர்கள். ஜித்தாவில் 1985 டிசம்பரில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகடமி, நிலையான தவணைக்கு விற்கப்படும் வர்த்தகக் காப்புறுதி ஒப்பந்தத்தில் பாரிய நிச்சயமின்மை உள்ளதெனக் கூறி அதை அனுமதிக்காது, கூட்டுறவு முறையிலான காப்புறுதியை மாற்றாக முன்வைத்தது. சூடானில் 1979இலும், மலேசியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் தோன்றிய தகாஃபுல் முறை, 1999இல் அமானா தகாஃபுல் மூலம் இலங்கைக்கு வந்தது. பங்குபற்றுவோர் தபர்ருஃ என்னும் நன்கொடையாகப் பொது நிதியொன்றுக்குச் செலுத்துவதும், அதிலிருந்து துன்பப்பட்டவருக்கு உதவுவதும் அதன் அடிப்படை. ஒன்றை மாத்திரம் தெளிவாகக் கூற வேண்டும். அடிப்படை வேறாயினும், நோயின் வரைவிலக்கணம், காத்திருப்புக் காலம், உண்மையை வெளிப்படுத்தும் கடமை என்பன தகாஃபுலிலும் உண்டு. பொது நிதி பங்குபற்றுவோர் அனைவரினதும் அமானிதம் என்பதால் அங்கு உண்மையை மறைப்பது இரட்டைத் தவறாகக் கருதப்படும். ‘நமது நிறுவனம்தானே, பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நினைப்பில் ஆவணங்களில் அசட்டையாக இருப்பது பயன் தராது.

கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்த வாசகத்தின் கீழ், எந்தச் சான்றை வைத்து மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் கூறப்படும் காரணத்துக்குப் பெறுமதி இல்லை. முதலில் நிறுவனத்துக்குள்ளேயே மேன்முறையீடு செய்ய வேண்டும். அதற்கும் பயனில்லையாயின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனை நாடலாம். 2005இல் காப்புறுதித் துறையினரால் உருவாக்கப்பட்ட இவ்வலுவலகம் முறைப்பாட்டாளரிடம் கட்டணம் அறவிடுவதில்லை. சட்ட அறிஞர் கலாநிதி விக்ரம வீரசூரிய நீண்டகாலம் வகித்த பதவி அது. நீதிமன்றத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்ட விடயத்தை ஒம்புட்ஸ்மன் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால் எங்கு முதலில் செல்வது என்பதைச் சிந்தித்தே முடிவு செய்ய வேண்டும். மறுபுறம், 2000ஆம் ஆண்டு 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்து, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெயர் மாறிய இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் நிறுவனங்களுக்கு எதிரான முறைப்பாடுகளை ஏற்கின்றது. எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடரக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டுகளை வழங்குகின்றது. ஆனால் பத்திரத்தில் அதைவிடக் குறுகிய காலம் குறிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே சட்டத்தரணியிடம் பத்திரத்தையே எடுத்துச் செல்லுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் தடுமாறி எழுதப்பட்ட இரண்டு பக்கத்தைவிடத் திகதி வாரியாகத் தமிழில் எழுதப்பட்ட ஒரு பக்கம் தெளிவானது.

காப்புறுதியே இல்லாதவர்களுக்கும், மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் காத்திருப்பவர்களுக்கும் வேறு கதவுகள் உள்ளன. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியத்துக்கான மருத்துவ உதவி விண்ணப்பங்களை 2025 முதல் பிரதேச செயலகங்களிலேயே கையளிக்கலாம். முன்னர் போல இதற்கென்று ஊரிலிருந்து கொழும்புக்கு வரத் தேவையில்லை. தனியார்துறை ஊழியர்கள், பத்தாண்டுச் சேவையும் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாத மீதியும் இருந்தால், ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 30 சதவீதம் வரை மருத்துவத் தேவைக்குப் பெறும் வசதி 2015இலிருந்து நடைமுறையில் உள்ளது. அரச ஊழியர்களுக்கு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் அக்ரஹாரத் திட்டம் உண்டு. அதற்கான தொகை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவதை அறியாத ஆசிரியர்களையே நான் சந்தித்திருக்கின்றேன். வேலை செய்யும் நிறுவனம் ஊழியர்களுக்காக எடுத்துள்ள கூட்டுக் காப்புறுதியிலும் பாரதூரமான நோய்க்கென ஒரு தொகை அடங்கியிருக்கலாம். தனிப்பட்ட பத்திரத்தில் பணம் பெற்றது அதைப் பெறுவதற்குப் பொதுவாகத் தடையாவதில்லை. மனிதவளப் பிரிவில் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். நோயாளியே போக வேண்டும் என்பதில்லை, உறவினர் ஒருவர் நோய் நிர்ணய அட்டையின் பிரதியுடன் சென்றாலும் விபரம் கூறுவார்கள்.